பூஜ்யத்துக்கு விரல் இல்லை

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வியாபாரியை விரட்ட நாயை அவிழ்த்துவிட வேண்டியதில்லை. "இது இலவசம்ங்க" என்று சொன்னால் போதும். கல்யாண மண்டபத்தில் தாம்பூலப் பை இலவசம் என்றால் இரண்டு வாங்கிக்கொள்வார். கண்காட்சியில் பேனா இலவசம் என்றால் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேட்பார். ஆனால் தன் தொழிலுக்கு வாங்கும் பொருளுக்கு விலை இல்லை என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படி என் கடைப் படிக்கட்டில் இறங்கிப் போன முதுகுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் பெயர் சஹீர். கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே, லோகோ வரைந்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு லேப்டாப், வெளியே 'சஹீர் டிசைன்ஸ்' என்று ஒரு பலகை. இருப்பதிலேயே பெரியது பலகைதான்.

அதற்கு முன்பு ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தில் இருந்தேன். கண்ணாடிச் சுவர், ஏசி, காப்பி மெஷின் எல்லாம் உண்டு. மென்பொருள் மட்டும் திருட்டு. வாடிக்கையாளர் கேட்டால் "எல்லாம் ஒரிஜினல் சார்" என்று முகம் மாறாமல் சொல்வதும் என் சம்பளத்தில் சேர்த்தி. ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, 'உங்களிடம் இருப்பது போலிப் பிரதி' என்று திரையில் ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. வாடிக்கையாளர் படித்தார். நானும் படித்தேன். முதலாளி, "அது வைரஸ் சார்" என்றார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அடுத்த மாதமே வெளியே வந்துவிட்டேன்.

இனி கையில் எடுக்கும் கருவியைப் பற்றிப் பொய் சொல்வதில்லை என்பது ஒன்றுதான் நான் எடுத்துக்கொண்ட சத்தியம். சத்தியம் செய்துவிட்டேன், மென்பொருள் வேண்டுமே. பெரிய கம்பெனிக்காரர்களுடையதை மாத வாடகைக்கு எடுத்தால், கடை வாடகையை எவன் கொடுப்பான்? ஒரே தடவை காசு கட்டினால் போதும் என்கிற மலிவான சிலவற்றையும் பார்த்தேன், அதற்கும் கையில் காசு இல்லை. ரெடிமேட் லோகோ தரும் இணையதளங்களும் இருக்கின்றன. அங்கே ஒரு மாட்டைத் தேர்ந்தெடுத்துக் கீழே பெயர் போட்டால் முடிந்தது. ஆனால் அதே மாடு ஒரு பால் கடையிலும் நிற்கும், கறிக்கடையிலும் நிற்கும், செருப்புக் கடையிலும் நிற்கும். கிம்ப் என்கிற மென்பொருள் இலவசம்தான், போட்டோ வேலைக்குத் தங்கமானது. ஆனால் அதில் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். விசிட்டிங் கார்டுக்குப் போட்டதை லாரிப் பக்கவாட்டுக்குப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டாகிவிடும். கடைசியில் இங்க்ஸ்கேப் என்கிற இன்னொன்றில் வந்து நின்றேன். அது புள்ளி வைப்பதில்லை, கோடு போடுகிறது. எவ்வளவு இழுத்தாலும் கோடு கோடுதான். அதுவும் இலவசம். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் என் தொழிலுக்குப் பிடித்த சனி. கடை திறந்ததிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டவுடன் எழுந்துவிட்டார்கள். "சும்மா கெடைக்கறதுலயா வரையறீங்க?" என்று கேட்டுவிட்டு, நேராக என் பழைய முதலாளியின் கண்ணாடிச் சுவருக்குப் போய், திருடியதில் வரைந்துகொண்டார்கள். பழைய முதலாளியும் விடாமல் போன் செய்தார். "உன் சேர் இன்னும் காலியாத்தான் இருக்கு சஹீர். மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்." இந்த மாதம் ஒரு வேலையாவது கூலியோடு முடியாவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டு அந்த நாற்காலிக்கே திரும்புவது என்று நானும் என் மனைவி ரம்ஷாவும் பேசி முடிவு செய்திருந்தோம்.

அப்போதுதான் லட்சுமணசாமி படியேறி வந்தார்.

ஆனைமலைக்காரர். பல வருஷமாக மாட்டு வியாபாரி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் பெரிய பச்சைத் துண்டு. இப்போது மாட்டுத்தீவன ஆலை போட்டிருக்கிறார். தன் அம்மா பெயரில் 'பழனியாத்தாள் மாட்டுத்தீவனம்'. மூட்டைக்கு லோகோ வேண்டும். கூடவே வேளாண் கல்லூரியில் படிக்கும் மகள் அக்ஷிதா. நான் முன்பு வரைந்த படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு அவள்தான் அப்பாவை இழுத்து வந்திருந்தாள்.

"ஏனுங்க தம்பி, லோகோ போடற எடம் இதுதானுங்களா?"

"இதுதாங்கண்ணா. வாங்க, உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. லேப்டாப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். மூடியை ஆட்டிப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

"உள்ளார என்ன சாஃப்ட்வேருங்க?"

சொன்னேன். மூட்டை, லாரி, விசிட்டிங் கார்டு எல்லாவற்றுக்கும் ஒரே படம் உடையாமல் வரும் என்று காட்டவும் செய்தேன். ஒரு வட்டத்தைத் திரை முழுவதும் இழுத்தேன். ஓரம் வழுவழுவென்று நின்றது. அவருக்குத் திருப்தி. தலையாட்டினார்.

"நல்லாருக்குதுங்க. வெல என்னுங்க இது?"

ரம்ஷா முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். "ஏதாவது ஒரு விலையைச் சொல்லித் தொலைங்களேன். உங்க வாயிலிருந்து அந்த 'இலவசம்' வந்தா போதும், வந்த ஆள் போயிடறாங்க." எனக்கும் ஞாபகம் இருந்தது. இருந்தாலும் வாய் என்னுடையதாயிற்றே.

"இதுக்கு விலை இல்லைங்கண்ணா. இலவசம்."

லட்சுமணசாமி லேப்டாப்பிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"ஏனுங்க தம்பி, நல்லாருக்கற மாட்டை எவனாச்சும் சும்மா குடுப்பானுங்களா? சும்மா குடுக்கறான்னா ஒண்ணு அது நோவாளி மாடு. இல்லாட்டி அவனோட மாடே இல்ல."

"இது யாரோட மாடும் இல்லைங்கண்ணா. பல பேர் சேர்ந்து எழுதி, எல்லாருக்கும் பொதுவா விட்டிருக்காங்க."

"அப்பக் கோயில் மாடுன்னு சொல்லுங்க. கோயில் மாட்டுல யாராச்சும் பால் கறப்பாங்களா?"

"அப்பா!" என்றாள் அக்ஷிதா.

"நீ செத்த இரு கண்ணு. என்ற அம்மா பேரைப் போடறது. ஓசிச் சரக்குல போட்டா நாளைக்கு ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓசிச் சரக்காம். நான் இந்த ஓசிச் சரக்கில் கோடு போடக் கற்றுக்கொள்ள எத்தனை நாள் கண் எரியத் திரை முன்னால் கிடந்தேன் என்று அவருக்குத் தெரியுமா? ஆனால் பலகை ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அக்ஷிதா விடாமல் வாதாடியதில் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"செரி. வியாழக்கெழம பொள்ளாச்சிச் சந்தைக்கு வாங்க. எந்த வியாபாரமா இருந்தாலும் நான் அங்கதான் பேசறது. மொதல்ல சாஃப்ட்வேரு வெல பேசி முடிஞ்சு தெகையட்டும். வெல குடுத்து வாங்கிப்போட்டா அது என்ற பொருளு, எனக்கும் தெம்பா இருக்கும்."

"வரைகூலிங்கண்ணா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க."

இந்த 'அப்புறம்' என்கிற சொல்லை நான் அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை சந்தைக்குப் போனேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். அது மரியாதை இல்லை. நடுவில் ஒரு தரகர் இருப்பார். விற்கிறவர் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரல் என்றால் ஒன்று, கை முழுக்க என்றால் ஐந்து. பிறகு தரகர் வாங்குகிறவரிடம் போய் அவர் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்வார். விற்கிறவர் என்ன சொன்னார், வாங்குகிறவர் என்ன சொன்னார் என்பது தரகருக்கும் அந்தத் துண்டுக்கும் மட்டும்தான் தெரியும். சுற்றி நிற்கிற ஆயிரம் பேருக்கும் துண்டு அசைவது மட்டும் தெரியும்.

லட்சுமணசாமியின் தரகர் பெயர் சென்னியப்பன். வெற்றிலை மென்ற வாய், தூங்குகிற மாதிரி கண். நான் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு ஜெர்சி மாடுகளுக்கு நடுவில் நின்றிருந்தேன். ஒரு மாடு பையின் வாரை நக்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் வந்து என் கையைப் பிடித்தார், துண்டைப் போட்டார்.

"ஆயிரத்துலதானுங்களே?"

நான் விரல்களை மடக்கிக்கொண்டேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நான் ஒன்றையும் கொடுக்கவில்லை. மறுபடி தடவினார்.

"வெரலைக் காணமுங்களே?"

"விலை இல்லைங்கண்ணா. பூஜ்யம்."

"பூஜ்யத்துக்கு வெரல் இல்லீங்க."

"அதான் கொடுக்கலை."

அவர் கண்ணை நன்றாகத் திறந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக விழித்த மாதிரி இருந்தது.

"அப்ப எதுவுமே வேண்டாமுங்களா? நல்லா ரோசனை பண்ணித்தான் சொல்றீங்களா?"

"சாஃப்ட்வேருக்கு ஒரு பைசா வேண்டாம். அதை அவருக்கு நீங்களே விளங்க வைங்க. எனக்கு வரையற வேலையைக் கொடுத்தாப் போதும்."

"தாராளமா விளங்க வெக்கறனுங்க. நீங்க இங்கயே நில்லுங்க," என்றார் சென்னியப்பன். குரலில் அவ்வளவு கனிவு.

பிறகு அவர் லட்சுமணசாமியின் கையைப் பிடித்தார். துண்டு ஆடியது, ஆடியது, அப்படி ஆடியது. லட்சுமணசாமி தலையை உலுக்கிக் கையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். சென்னியப்பன் ஓடிப்போய்க் கூட்டி வந்தார். மறுபடி துண்டு. இந்தத் தடவை சென்னியப்பன் வானத்தைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார், என் பக்கம் கை காட்டிப் பெருமூச்சு விட்டார். நான் தூரத்தில் நின்று உருகிப்போனேன். வெற்றிலை போட்ட ஒரு மாட்டுத் தரகர், கட்டற்ற மென்பொருளின் தத்துவத்தை, காப்புரிமையை, பொதுச்சொத்து என்கிற எண்ணத்தை, வெறும் விரலாலேயே விளக்குகிறார்! நான் இத்தனை காலம் வாயால் சொல்லி முடியாததை!

கடைசியில் லட்சுமணசாமியின் முகம் பூவாக மலர்ந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தெகைஞ்சுதுங்க தம்பி! இனி நீங்க வரையலாம்."

வீட்டுக்கு வந்து ரம்ஷாவிடம் மார் தட்டிக்கொண்டேன். "பொய் சொல்லாமலே முடிச்சேன் பார்த்தியா?" அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். "ஒண்ணுமில்லாததுக்கா அவ்வளவு நேரம் பேரம் பேசினாங்க?" என்று கேட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

வரைய ஆரம்பித்தேன். கொம்பில் தொடங்கி, முதுகில் ஓடி, மடியில் வந்து முடிகிற ஒரே கோட்டு மாடு. எனக்கே பிடித்திருந்தது. லட்சுமணசாமி கடைக்கு வந்து பார்த்துக்கொண்டேயிருந்தார், திருத்திக்கொண்டேயிருந்தார். "மடி பத்தாதுங்க. நம்ம தீவனம் திங்கற மாடு இதாட்டமா இருக்கும்?" மடியைப் பெரிதாக்கினேன். "நெத்தியில சுழி எங்கீங்க? சுழியில்லாத மாட்டை எவன் நம்புவான்?" சுழி போட்டேன். "கண்ணுல ஒரு சாந்தம் வேணுமுங்க. என்ற அம்மாளாட்டம்." மாட்டுக் கண்ணில் அவர் அம்மாவைக் கொண்டுவருவதற்குள் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், சாந்தம் வந்ததும் படம் எழுந்து நின்றது. அவருக்குக் கண் இருந்தது. கையில்தான் துண்டு இருந்தது.

முடித்த படத்தைக் காட்ட ஆனைமலைப் பக்கத்தில் இருந்த அவருடைய ஆலைக்குப் போனேன். பிண்ணாக்கு வாசனை மூக்கை அடைத்தது. லேப்டாப்பைத் திறந்தேன். படத்தை மூட்டை அளவுக்குக் காட்டினேன், லாரி அளவுக்குக் காட்டினேன். அக்ஷிதா கை தட்டினாள். லட்சுமணசாமி திரையைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அருமைங்க தம்பி. பென் டிரைவுல போட்டுக் குடுத்துட்டு, சாப்புட்டுட்டுப் போங்க."

"போட்டுடலாங்கண்ணா. வரைகூலி மட்டும் பேசிக்கலாம்."

"என்ன கூலிங்க?"

"வரைஞ்சதுக்குங்க."

அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார்.

"அதான் சாஃப்ட்வேருக்குக் குடுத்தாச்சுங்களே?"

"சாஃப்ட்வேருக்கா?"

"சென்னியப்பன் அஞ்சு வெரல்ல ஆரம்பிச்சானுங்க. நானு மூணுக்குக் கொண்டாந்து, அன்னிக்குச் சாயங்காலமே அவன் கையில எண்ணிக் குடுத்துட்டேன்." அந்த மூன்று விரலையும் மகள் முன்னால் பெருமையாகத் தூக்கிக் காட்டினார். "இத்தன வருசத்துல துண்டுக்குள்ள என்னை ஒருத்தனும் ஏமாத்துனதில்லீங்க."

பிண்ணாக்கு மூட்டைகள் எல்லாம் என் தலையில் சரிந்த மாதிரி இருந்தது. கட்டற்ற மென்பொருளின் தத்துவம் சென்னியப்பனின் மடியில் முடிச்சாகப் போயிருக்கிறது!

"அண்ணா, நான் ஒரு பைசா வாங்கலை. அது இலவசம்னு அன்னைக்கே சொன்னேன்."

"நான்கூடச் சொன்னேன்ப்பா," என்று அக்ஷிதா செல்போனை நீட்டினாள். "இங்க பாருங்க, இங்க்ஸ்கேப். டவுன்லோடு. எங்கயாச்சும் வெல போட்டிருக்கா?"

லட்சுமணசாமி செல்போனை வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு கணம் ஆடிப்போனது. அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் இத்தனை வருஷத் துண்டு என்னாவது? செல்போனை மகளிடமே கொடுத்தார்.

"அது டூப்ளிகேட்டு கண்ணு. சும்மா கெடைக்கறது அப்படித்தான் இருக்கும். நாம வாங்குனது ஒரிஜினலு."

"இரண்டும் ஒண்ணுதாங்கண்ணா!" என்று நான் கத்தினேன். "நான் விக்கவேயில்லை. எனக்கு ஒரு பைசா வரலை!"

"பாத்துக்க கண்ணு," என்றார் அவர், என்னைப் பாசமாகக் காட்டி. "வெலையை வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்கறாரு பாரு. தம்பிக்குச் சந்தை மொறை நல்லாத் தெரிஞ்சிருக்குது."

திருட்டு மென்பொருளை ஒரிஜினல் என்று பொய் சொன்ன இடத்திலிருந்து ஓடி வந்தவன் நான். இங்கே உண்மையைத் தொண்டை கிழியக் கத்தினாலும் தொழில் ரகசியம் என்கிறார்கள்.

"சரிங்கண்ணா, அது போகட்டும். நான் வரைஞ்ச கூலி?"

"மாட்டை வாங்குனா கன்னுக்குட்டியும் கூடத்தானுங்களே வரும்? கன்னுக்குன்னு தனியா யாராச்சும் வெல கேப்பாங்களா?"

ஆலை வாசலுக்கு வந்து சென்னியப்பனுக்குப் போன் போட்டேன். அவர் மறைக்கவே இல்லை.

"நீங்க சும்மான்னு சொன்னீங்க. சும்மா குடுத்தா அவரு வாங்கவே மாட்டாருங்க. நான் பேசி வாங்க வெச்சேன். இல்லாட்டி உங்களுக்கு இந்த வேலை வந்திருக்குமுங்களா?"

"அது பகல் கொள்ளைங்க!"

"யாரு பொருளுங்க கொள்ள போச்சு? உங்களுதும் இல்ல, என்றதும் இல்ல. செரி, மனசு கேக்கலீன்னா பாதி வாங்கிக்குங்க."

பாதி. பலகையைக் காப்பாற்ற அது போதும்தான். என் வாயில் எச்சில் ஊறியது என்றே சொல்கிறேன். ஆனால் அதை வாங்கினால், யாரோ முகம் தெரியாதவர்கள் ஊருக்காக எழுதி வைத்ததை மாட்டுச் சந்தையில் விற்றவன் என்று ஆகிவிடுவேன். அதற்குப் பழைய முதலாளியின் வைரஸே மேல். வேண்டாம் என்று போனை வைத்தேன். அடக்க முடியாத ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் மூளை கொஞ்சம் வேலை செய்தது.

ஆலைக்குள் திரும்பி வந்து லேப்டாப்பில் ஒரு பென் டிரைவைச் செருகினேன். இங்க்ஸ்கேப்பை அதில் ஏற்றினேன், அதை மட்டும். வரைந்த படத்தை ஏற்றவில்லை. லட்சுமணசாமியின் கையில் வைத்தேன்.

"இந்தாங்கண்ணா. நீங்க வாங்கின மாடு. சுத்தமான ஒரிஜினல். ஓட்டிட்டுப் போங்க."

"படமுங்க?"

"படம்ங்கறது பால்தாங்கண்ணா. மாடு உங்களுது. நீங்களே கறந்துக்குங்க. கறவைக்காரன் கூலியை மாட்டு விலையோட சேர்த்து எந்த ஊரிலயாச்சும் கொடுக்கறாங்களா?"

அவர் பார்வை வாசல் பக்கம் போனது. ஆலை வாசலில் கட்டியிருந்த மாடுகளில் காலையும் மாலையும் கறக்க ஓர் ஆள் வருவதையும், அவருக்குத் தனியாகக் கூலி கொடுப்பதையும் லட்சுமணசாமியே கடையில் என்னிடம் சொல்லியிருந்தார். அக்ஷிதா சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் லேப்டாப்பை மூடி, சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறியதும் வீரம் இறங்கிவிட்டது. படம் என்னிடம் இருக்கிறது, சரி. பழனியாத்தாள் பெயர் போட்ட மாட்டை வேறு யாரிடம் விற்பது? ரம்ஷாவிடம் நடந்ததைச் சொன்னபோது திட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "பலகையைக் கழட்ட ஸ்குரூ டிரைவர் எங்க இருக்குன்னு பாருங்க," என்றாள். அந்தச் சிரிப்பின் முடிவில் அவள் குரல் உடைந்ததும் எனக்குக் கேட்டது. பழைய முதலாளி மறுபடி போன் செய்தார். நான் எடுக்கவில்லை, ஆனால் அவர் எண்ணை அழிக்கவும் இல்லை.

மாதம் முடியப்போகிற நேரம். கடையில் உட்கார்ந்து மேசை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம். இந்தத் தடவை யாரோ ஏறி வருகிற சத்தம்.

லட்சுமணசாமி. தோளில் துண்டு, கையில் பென் டிரைவ். இரண்டு நாள் தூங்காதவர் மாதிரி இருந்தார்.

"தம்பி, இந்த மாடு ஒதைக்குதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை இறுக்கிக்கொண்டேன். "உக்காருங்கண்ணா. என்ன ஆச்சு?"

"அக்ஷிதாவுக்குப் பரீச்சைங்க. நானே உக்காந்தேன். காலைப் புடிச்சு இழுத்தாக் கொம்பு போகுதுங்க. கொம்பைப் புடிச்சா மாடே காணாமப் போகுது. எப்படியோ ஒண்ணை வரைஞ்சு, மூட்டையில அச்சுப் போடப் பல்லடத்துக்குக் கொண்டுபோனேன்." அவர் குரல் தாழ்ந்தது. "பிரஸ்காரன் பாத்துப்போட்டு, 'கோழித் தீவனமுங்களா?'ன்னு கேக்கறானுங்க. என்ற அம்மா பேருக்கு மேலதான் அது நிக்குது."

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் கண் கலங்கியது. எனக்கும் சிரிப்பு போய்விட்டது. மனுஷர் எவ்வளவு பெரிய பேரக்காரராக இருந்தாலும் அம்மா அம்மாதானே.

"சந்தை வழக்கப்படி, ஒதைக்கற மாட்டைத் திருப்பிக் குடுக்கலாமுங்க," என்றார்.

"தாராளமா. ஆனா வாங்கின எடத்துல கொடுங்க. சென்னியப்பண்ணன்கிட்ட, சந்தையில எல்லார் முன்னாலயும்."

அவர் பென் டிரைவை உருட்டிக்கொண்டே இருந்தார். துண்டுக்குள் தோற்றவர் என்று ஊர் பேசுமே. "அது ஆகாதுங்க," என்றார் கடைசியில்.

பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை எடுத்து என் கைமேல் விரித்தார். "கறவக்கூலி சொல்லுங்க."

நடுவில் தரகர் இல்லை. அவர் கை துண்டுக்குள் வந்தது, கரடுமுரடான பெரிய கை. நான் ஐந்து விரலையும் கொடுத்தேன். ஆயிரத்தில்தான். அவர் முகம் சுளித்து என் கட்டை விரலை மடக்கினார். நான் நிமிர்த்தினேன். மறுபடி மடக்கினார். மறுபடி நிமிர்த்தினேன். இத்தனை காலம் யாரிடமும் நிமிர்த்தாத விரல். இந்தத் தடவை விடவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"தெகைஞ்சுதுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்து எண்ணி வைத்தார். நான் படத்தை அவர் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். ஒரே கோட்டு மாடு, சுழி சுத்தமாக, கண்ணில் சாந்தத்தோடு. அவர் திரையில் அதை இன்னொரு முறை பார்த்துக் கும்பிடாத குறையாக நின்றார். வெளியே பலகை அசையாமல் தொங்கியது. ரம்ஷாவுக்குப் போன் செய்ய எனக்குக் கை பரபரத்தது.

படியில் இரண்டு அடி இறங்கியவர், நின்று திரும்பினார். முகத்தில் ஒரு மனத்தாங்கல்.

"ஏனுங்க தம்பி, வரையறதுக்கே இத்தன கூலி வாங்கறவரு, அந்த சாஃப்ட்வேரைச் சும்மாவே குடுத்திருக்கலாமல்லங்க?"